ஜாங்கிரிக்கு வந்த இயற்கை உபாதை

ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்து இருபது. புளியங்குடியில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் கையில் மைக்கோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் ‘நாய், பூனைகளுக்குச் சத்தான உணவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அப்போதுதான் என் கணவரிடமிருந்து போன் வந்தது.

“மீனா, ஜாங்கிரிக்கு இயற்கை உபாதை. போய்ப் போய் மண்ணுல உக்காருதான். முக்குதான். போக மாட்டேங்கு.”

ஜாங்கிரி என் மகள் சங்கரியின் பூனை. ஆண். ஆரஞ்சு நிறத்தில் வட்ட வட்டமாகக் கோடு போட்டிருக்கும். சென்னையில் அவள் புதிதாகக் குடிபோன வீட்டின் சொந்தக்காரர் பூனைக்குச் சம்மதிக்கவில்லை. வேறு வீடு பார்க்கும்வரை இருக்கட்டும் என்று சங்கரன்கோவிலில் எங்களிடம் விட்டுப் போயிருந்தாள்.

“விளக்கெண்ணெய் அரை ஸ்பூன் குடுங்க. மத்தியானம் வந்து பாக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். கூட்டத்தைப் பார்த்து, “ரிட்டயர் ஆனாலும் டூட்டி முடியல பாத்தீங்களா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று பேசியதை எழுதித் தரும்படி கேட்டது பேச்சியம்மாள். நான் இருந்த இடத்தில் இப்போது கால்நடை ஆய்வாளராக இருப்பவள். அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்து என்னை மேடை ஏற்றியதும் அவள்தான். எழுத உட்கார்ந்தால், பேசியது எதுவும் நினைவுக்கு வரவில்லை. பாதியில் நிறுத்தியதுதான் வருகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன். இளையவர்களுக்கு அதுதான் உபயோகப்படும் என்றும் தோன்றுகிறது.

நான் பயிற்சிக்குப் போன காலத்தில் கால்நடை என்றால் மாடு, ஆடு, கோழி. சினை ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள், கோமாரிக்குத் தடுப்பூசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். நாய்க்கு வெறிநோய்ப் பாடம் ஒன்று இருந்தது. பூனைக்குப் பாடமே கிடையாது. பயிற்சி முடிந்ததும் திருவேங்கடம் பக்கம் ஒரு கிளை நிலையம், பிறகு ராயகிரி. கரிசல் சேற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்த வருஷங்கள் அவை. அதன் பிறகு சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தேன். அங்கே டாக்டராக இருந்தவர் மாணிக்கம். நான் தொழில் கற்றது அவரிடம்தான்.

மாணிக்கம் டாக்டர் எதற்கும் அவசரப்பட மாட்டார். மாடு வயிறு உப்பிக் கிடந்தாலும் முதலில் கை கழுவுவார். குளிர்ந்த கையோடு எந்தப் பிராணியையும் தொட மாட்டார். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். நாயோ பூனையோ கொண்டுவந்தவர்களிடம் “என்ன செய்யுது?” என்று கேட்க மாட்டார். “தட்டு எங்க?” என்பார்.

“என்ன தட்டு சார்?”

“அது திங்கிற தட்டு. போய்க் கொண்டாங்க. கழுவாமக் கொண்டாங்க.”

ஆளுக்கு எரிச்சல் வரும். சிலர் திரும்ப வரவே மாட்டார்கள். வந்தவர்களின் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், விரலால் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பார். “வீட்டுக்காரங்க ஆசைப்பட்டதைச் சொல்லுவாங்க மீனாட்சி. நெஜமாப் போட்டது தட்டுலதான் இருக்கும்” என்பார்.

ஒருமுறை ஒரு நிலக்காரர் ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றைக் காரில் கொண்டுவந்தார். நாலு மாதக் குட்டி. முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்து, நிற்கவே சிரமப்பட்டது.

“ஒரு கொறையும் வைக்கல டாக்டர். தெனமும் ஆட்டுக்கறி. எலும்பு தொண்டையில சிக்கிரும்னு தனிக்கறியா வாங்கிப் போடுதோம்” என்றார் நிலக்காரர்.

தட்டு வந்தது. அவர் சொன்னது முழுக்க உண்மை. வெறும் கறி.

“உங்க காவக்காரர் வீட்லயும் இதே ஈத்துக் குட்டி ஒண்ணு இருக்குன்னீங்களே, அது எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, கேப்பைக் கூழைக் குடிச்சிட்டு எலும்பைக் கடிச்சிட்டு மான் மாதிரி ஓடுது.”

“அண்ணாச்சி, நீங்க செலவழிச்சு வளைச்சிருக்கீங்க. அவரு செலவே இல்லாம நிமித்தி வச்சிருக்காரு.”

நிலக்காரரின் முகம் சிவந்தது. காரோட்டி வந்தவர் திரும்பிக்கொண்டு சிரித்தார். பிறகு டாக்டர் நிதானமாக விளக்கினார். கறியில் தசைக்கு வேண்டியது இருக்கிறது, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து இல்லை. அது வயிற்றுக்குள் போகாதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, வாணலியில் வறுத்து, மாவாக இடித்துச் சாப்பாட்டில் கலக்கும் முறையை அன்று நான்தான் அந்த வீட்டு அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். கறியைக் குறைத்து, சோறு, முட்டை, பரங்கிக்காய் எல்லாம் சேர்த்து, அந்தக் குட்டிக்கு எவ்வளவு என்று டாக்டர் அளவு சொன்னார். சில மாதத்தில் குட்டி நடந்து வந்தது. ஒரு கால் மட்டும் கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது.

இன்னொன்று, கோவில் பக்கத்துத் தெரு வீட்டுப் பூனை. அந்த வீட்டில் முட்டைகூட வாசல் தாண்டாது. பூனைக்கு மூன்று வேளையும் தயிர்ச் சோறு, நெய் விட்ட பருப்புச் சோறு. பளபளவென்று கொழுத்திருந்தது. ஆனால் சுவரில் போய் முட்டிக்கொள்கிறது என்று கொண்டுவந்தார்கள்.

“எங்க வீட்டுப் பூனை சுத்த சைவம் டாக்டர். கண்ணு முன்னால எலி ஓடினாலும் தொடாது” என்றார் வீட்டுப் பெரியவர்.

டாக்டர் டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தார். விரலை ஆட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அது தொடாம இல்ல. அதுக்கு எலி தெரியல.”

பூனை நாயைப் போல இல்லை. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஒரு சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது. தயிரிலும் பருப்பிலும் எத்தனை வருஷம் தேடினாலும் போதுமான அளவு கிடைக்காது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அந்தக் குடும்பத்தின் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் நம் ஊர்க் கடைகளில் பூனைக்கான பாக்கெட் உணவு தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்து சேர்த்த ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். “கையால தொட வேண்டாம். பின்வாசல்ல வச்சுக் கொட்டிருங்க.”

பெரியவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், “பின்வாசலுக்கு அந்தப் பக்கம் அது என்ன திங்குதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

நான் ஓய்வு பெறும்போது ஆஸ்பத்திரி வரிசையில் மாட்டைவிட நாய் பூனைதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரர்கள் பிரியாணி சாப்பிட்டால், திங்கட்கிழமை காலை எங்களுக்கு வேலை நிச்சயம். வெந்த எலும்பு குத்திய தொண்டை, வெங்காயம் தின்று வெளுத்த ஈறு, கொழுப்பு தின்று வாந்தி. இதையெல்லாம்தான் அன்று புளியங்குடி மேடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

கையை மூடி முட்டியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். எல்லோரும் மூடினார்கள். “முட்டி எலும்பைத் தடவிப் பாருங்க. உங்க நாயோட விலா இப்படித் தட்டுப்பட்டா அது மெலிவு. இப்ப கையை நீட்டிப் புறங்கையைத் தடவுங்க. எலும்பு தெரியுது, மேல லேசாச் சதையும் இருக்கு. இதான் சரி. உள்ளங்கையைத் தடவுங்க. எலும்பே தெரியல. அப்படி இருந்தா அது பருமன். அதுக்காக நாளையில இருந்து அரை வயித்துக்குப் போடாதீங்க, முதல்ல டாக்டரைப் பாருங்க.” மண்டபம் முழுக்கக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மனைவியின் விலாவை எட்டித் தொட்டுப் பார்த்து அடி வாங்கினார்.

பிறகு பாக்கெட்டைப் படிக்கும் விதத்துக்கு வந்தேன். முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள் என்றேன். எது அதிகமாக இருக்கிறதோ அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். முதல் சொல் சோளமாக இருந்தால், வாங்குவது பெரும்பாலும் சோளம். எந்த வயதுக்கு என்று பாருங்கள். முழுமையான உணவா, இடையில் கொடுக்கும் தின்பண்டமா என்று பாருங்கள். பிரித்த மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள், அது எப்போது பிரித்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. புது உணவுக்கு மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கூட்டுங்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். “மேடம், பூனைக்குக் கருவாடு போடலாமா? எங்க கடுவன் அது இல்லாம வாய வைக்க மாட்டேங்கான்.”

“உப்புக் கருவாடு வேண்டாம்மா. அதுலயும் கடுவனுக்கு, ஆம்பளப் பூனைக்கு, வேண்டவே வேண்டாம். பூனை சும்மாவே தண்ணி கொறைச்சுத்தான் குடிக்கும். வறட்டுத் தீவனமும் கருவாடுமாப் போட்டுட்டே இருந்தா, மூத்திரம் கெட்டியாகி உள்ள பொடி சேரும். கடுவனுக்குக் குழாய் ஊசி மாதிரி சின்னது. ஒருநாள் அடைச்சிரும். அப்போ எப்படி இருக்கும் தெரியுமா? போய்ப் போய் மண்ணுல உக்காரும். முக்கும். ஒண்ணும் வராது. வீட்ல உள்ளவங்க மலச்சிக்கல்னு நெனச்சு விளக்கெண்ணெயக் குடுத்துட்டு...”

அதோடு என் குரல் நின்றுவிட்டது.

மைக் என் கையில்தான் இருந்தது. மின்விசிறிச் சத்தம் அதில் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சி மேடை ஓரத்துக்கு வந்து, “மேடம், தண்ணி வேணுமா?” என்றாள். நான் அங்கேயே போனை எடுத்தேன்.

“ஏங்க, நீங்க சொன்னீங்கள்லா உபாதைன்னு. அது ஒண்ணா ரெண்டா?”

“உபாதைதான் மீனா.”

“ஒண்ணுக்கா ரெண்டுக்கா?”

“அது... முந்தினது.”

என் கணவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மூத்திரம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அவர் வகுப்பில் பிள்ளைகள்கூட எழுந்து, “ஐயா, இயற்கை உபாதை” என்றுதான் கேட்க வேண்டும். சிறுநீர் என்று நல்ல சொல் இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். “நல்ல சொல்தான், பொருள் அதேதானே?” என்றார்.

“எப்ப இருந்து?”

“நேத்துச் சாயங்காலத்துல இருந்து. ஆனா பயப்படாத. எண்ணெய் குடுத்தேம்லா, இப்ப சத்தமே இல்லாம அமைதியாப் படுத்திருக்கான்.”

சத்தமில்லாமல் படுத்திருப்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அடைப்பு நீடித்தால் கழிவு ரத்தத்தில் ஏறும், இதயம் தடுமாறும், ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். ஏற்கெனவே ஒரு முழு இரவு போயிருந்தது.

“அவனைக் கூடையில வச்சு மாணிக்கம் டாக்டர் வீட்டுக்குக் கொண்டு போங்க. இப்பவே. வயித்தை அமுக்காதீங்க.”

பேச்சி தன் ஸ்கூட்டரை எடுத்தாள். சங்கரன்கோவில் வரைக்கும் நான் அவளை விரட்டிக்கொண்டே வந்தேன்.

“ஏட்டி, கொஞ்சம் முறுக்கு.”

“மேடம், நீங்க ஆக்சிலேட்டரை நெனச்சு என் தோளை முறுக்குதீங்க.”

சங்கரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபமும் பார்த்தபின் அவளுடைய கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் என்று ஒன்றைச் சொன்னார்கள், அது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவள் சென்னைக்குத் திரும்பிப் போய்விட்டாள். பல நாள் போனை எடுக்கவில்லை. எடுத்தால் ‘ம்’ என்பாள். அந்த நாட்களில் எங்கோ மழையில் கிடந்த இந்தக் குட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் என்னிடம், “ஜாங்கிரிக்குச் சாப்பாடு வைக்கணும்னுதாம்மா அப்ப காலையில எந்திரிச்சேன்” என்றாள். அந்தப் பூனையை என்னை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வேன்? ஸ்கூட்டரில் வந்த வழியெல்லாம் அந்த ஒரு கேள்விதான். ஊருக்கெல்லாம் தட்டைக் கேட்டவள், என் வீட்டுத் தட்டை எட்டிப் பார்க்கவில்லை.

மாணிக்கம் டாக்டர் ஓய்வு பெற்றபின் வீட்டு முன்னறையில் பார்க்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். நாங்கள் போனபோது என் கணவர் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். காய்கறிக் கூடை, அதன் மேல் கவிழ்த்து இன்னொரு காய்கறிக் கூடை, இரண்டையும் சேர்த்துத் தன் அங்கவஸ்திரத்தால் கட்டியிருந்தார்.

“வாத்தியாரே, என்ன செய்யுது இதுக்கு?” இந்த ஒருமுறைதான் டாக்டர் தட்டுக்கு முன்னால் அதைக் கேட்டார்.

“இயற்கை உபாதை டாக்டர்.”

“இயற்கைக்கு ரெண்டு வாசல் இருக்கே. எந்த வாசல்?”

என் கணவர் தரையைப் பார்த்தார். “முன்வாசல்” என்றார்.

டாக்டர் கை கழுவினார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. துடைத்தார், உள்ளங்கைகளைத் தேய்த்தார், பிறகு ஜாங்கிரியின் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். புளியங்குடிச் சந்தையில் பெரிய காயாகப் பொறுக்கி எடுத்த எலுமிச்சம்பழம் அளவுக்கு, கல்லாக, உருண்டையாக இருந்தது.

“அமுக்கினா வெடிச்சிரும். தெரியும்லா?”

“தெரியும் சார்.”

“அப்பத் தள்ளி நில்லு. இப்ப நீ வீட்டுக்காரி.” என் கையைப் பார்த்தார். “நடுங்குதா? சரி, நடுங்குற கைக்கும் வேலை உண்டு. சிரிஞ்சுல சலைன் ஏத்திக் குடு. வாத்தியாரே, தட்டு எங்க?”

“வீட்ல இருக்கு.”

“கொண்டாங்க.”

மருந்து போகக் காலில் ஊசியை ஏற்றி, மயக்க மருந்தை எடை பார்த்துக் குறைவாகவே போட்டார். பேச்சி தலையைப் பிடித்துக்கொண்டாள். பூனை துவண்டதும் துடைத்துச் சுத்தம் செய்து, அகர்பத்திக் குச்சியைவிட மெல்லிய குழாயில் ஜெல்லியைத் தடவி உள்ளே விட்டார். நுனியிலேயே தட்டி நின்றது. வெளியே எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நுனியை வைத்து, உத்திராட்சம் உருட்டுவதுபோல மெதுவாக உருட்டினார். மறுபடி குழாய். தட்டியது. மறுபடி உருட்டினார். நான் ஏற்றிக் கொடுத்த சலைனைக் கொஞ்சமாகத் தள்ளினார், நிறுத்தினார், தள்ளினார்.

இதற்குள் என் கணவர் தட்டோடு வந்துவிட்டார். பளிச்சென்று கழுவியிருந்தார்.

டாக்டர் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், “பேச்சி, முகந்து பாரு” என்றார்.

பேச்சி முகர்ந்தாள். “சபீனா வாசம் சார். அதுக்குக் கீழ நெத்திலி.”

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“எத்தனை நாளா?” என்றேன்.

“தெனமும் இல்ல மீனா. ஒருநாள் விட்டு... இல்ல, தெனமுந்தான். நீ வைக்கிற பாக்கெட் தீவன உருண்டையைத் தின்னுட்டு என்னையே பாத்துட்டு இருப்பான். பாத்தா மனசு கேக்குமா? கொல்லையில வச்சுக் குடுப்பேன்.”

திட்ட வாயெடுத்தேன். திட்ட எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் சங்கரி ஈர உணவுப் பொட்டலங்கள் ஒரு பை நிறையத் தந்துவிட்டுப் போயிருந்தாள். முக்கால்வாசி தண்ணீர்தானே, இதற்கா இவ்வளவு ஆடம்பரம் என்று அந்தப் பையைக் கட்டிப் பரணில் போட்டவள் நான். வறட்டு உருண்டையை மட்டும் தினமும் வைத்தேன். கருவாட்டால் மட்டும் அடைத்தது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல மாட்டார். பூனையின் உடல்வாகு, புது இடத்துப் பயம் என்று பல காரணங்கள் கூடும். ஆனால் அந்தத் தண்ணீர் அவனுக்கு வேண்டியிருந்தது.

“இந்தா வருது” என்றார் டாக்டர்.

நனைந்த சுண்ணாம்பைப் போல வெள்ளையாக ஒரு துளி, மணல் கலந்தது, அவர் விரலில் ஒட்டியிருந்தது. குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. முதலில் சொட்டு. இளஞ்சிவப்பு. பிறகு கம்பியாக, உலோகக் கிண்ணத்தில் சத்தத்தோடு விழத் தொடங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் விளக்கெண்ணெய் தன் வேலையைக் காட்டியது. பேச்சியின் சுடிதார் மேல், கூட்டத்துக்கென்று அவள் புதிதாகப் போட்டு வந்தது, தாராளமாக.

“மேடம்!” என்று அலறினாள் பேச்சி. தலையை மட்டும் விடவில்லை. அதற்காகவே அவளை எனக்கு இன்னும் பிடித்துவிட்டது.

டாக்டர் நிமிர்ந்தார். “வாத்தியாரே, ரெண்டு வாசலும் திறந்தாச்சு” என்றார்.

மூன்று நாள் குழாயோடும் ட்ரிப்ஸோடும் ஜாங்கிரி அங்கேயே இருந்தான். குழாயை எடுத்தபின் தானாகப் போகிறானா என்று பார்க்க வேண்டும், அதுதான் உண்மையான பரீட்சை என்றார் டாக்டர். என் கணவர் காலையிலிருந்து மாலைவரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டில் பரணிலிருந்து பையை இறக்கினேன். ஐந்து இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். சங்கரி வீடியோ காலில் வரும்போதெல்லாம், “தூங்குதான்”, “மொட்டைமாடிக்குப் போயிட்டான்”, “குளிச்சிட்டு வாரேன், அப்புறம் காட்டுதேன்” என்று சமாளித்தேன். பொய் சொல்லத் தெரியாத என்னை அவள் ஒருமுறைகூட மடக்கவில்லை. அப்போது அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை, காய்கறி வாங்கிக்கொண்டு தெருவில் வரும்போது போன் அடித்தது. சத்தம் அதிகமாக வைத்திருந்தேன் போல.

“மீனா! மூத்திரம் பெஞ்சுட்டான்! தானா, நின்னு நிதானமா, மூத்திரம் பெஞ்சுட்டான்!”

தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர், “சார் குரல் மாதிரி இருக்கு?” என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். கத்தரிக்காய் எல்லாம் கீழே உருண்டு ஓடியது.

எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இந்த நிமிடமும் அவன் மண் தட்டுப் பக்கம் போனால் நான் எழுந்து பின்னாலேயே போய் நிற்கிறேன். ஈரம் தெரிந்தால்தான் திரும்பி வருவேன். பேச்சி, உன்னிடம் ஒன்று சொல்கிறேன். யார் போன் செய்தாலும், எவ்வளவு நாகரிகமாகப் பேசுகிறவர்களாக இருந்தாலும், ஒன்றா இரண்டா என்று கேட்டுவிடு. உன் வீட்டுக்காரராக இருந்தால் இரண்டு தடவை கேள்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாம் நாள் சங்கரி வருவதாக இருந்தது. என்ன சொல்வது என்று நானும் என் கணவரும் ஒத்திகை பார்த்துவைத்தோம். விளக்கெண்ணெய் பற்றி நான் சொல்ல வேண்டும், நெத்திலி பற்றி அவர். யார் முதலில் என்பதில் மட்டும் முடிவாகவில்லை. காலை ரயிலில் வந்து இறங்கினாள். பையை வாசலில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஜாங்கிரி வந்து அவள் மடியில் ஏறினான். ஊசிக்காக முடி மழித்த முன்னங்கால் பளிச்சென்று தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். ‘என்ன ஆச்சு’ என்று கேட்கவில்லை. அவள் கை நேராக அவன் அடிவயிற்றுக்குப் போனது. இரண்டு விரல். அழுத்தாமல், சரியாக அந்த இடத்தில்.

தெரியாதவர்கள் அங்கே தொட மாட்டார்கள். சங்கரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“அம்மா, இது இவனுக்கு ரெண்டாவது தடவை. போன வருஷம் மெட்ராஸ்லயும் ஒரு தடவை அடைச்சுது. சொன்னா நீ இவனை வச்சுக்கிட மாட்டேன்னு சொல்லாம விட்டுட்டேன். நீ மொதல்ல என்னைத் திட்டி முடி, அப்புறமாக் காப்பி குடிக்கேன்.”